நான்காம் மதகு

அன்று காலை ஒன்பதேகாலுக்கு, அணைக்கரையில் எங்களுக்குத் தந்திருந்த அறையில், கதுங்கே என் தோளை மூன்று முறை தட்டினாள். ஒரு தட்டு என்றால் ‘இங்கே பார்’. இரண்டு என்றால் ‘சீக்கிரம்’. மூன்று முறை அவள் அதுவரை தட்டியதே இல்லை.

வாயில் இருந்த மண்டாஸிப் பணியாரத்தை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். அவளுடைய கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி நின்றது.

“என் கணினியில இருக்கிற நகல்ல, ஆறாம் மதகைத் திறன்னு சும்மா சோதனைக்குப் போட்டேன்” என்றாள் கையால். “அப்படி ஒரு மதகே இல்லைங்குது.”

“அணையில ஆறு இருக்கே?”

“இருக்கு. அதான் பயமா இருக்கு.”

கியாந்துயி அணையின் மதகுகளை முப்பத்தைந்து வருடமாக ஒரு பழைய நிரல்தான் இயக்கிவந்தது. ஃபோர்ட்ரான் என்ற மொழியில் யாரோ எழுதிவைத்தது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றார்கள், சிலர் இறந்தும் போனார்கள். அதைப் புதிய மொழி ஒன்றுக்கு மாற்றித் தர நைரோபியில் எங்கள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எட்டு மாத வேலை. பெரும்பகுதியை ஒரு மென்பொருளே மாற்றிவிட்டது. அது தடுக்கி விழுந்த இடங்களைக் கதுங்கே கையால் எழுதினாள். பிறவியிலேயே காது கேளாதவள், மச்சாக்கோஸ்காரி, இருபத்தொன்பது வயது. அவளுக்கு இணையாக நிரல் வாசிப்பவர்கள் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

நான் நசம்பு. அவளுடைய சைகைமொழி பெயர்ப்பாளர். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. ஆகவே வாய் பேசும் முன்பே என் கை பேசியது. அந்தத் தகுதியில் இருபத்திரண்டு வருடமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்றேன்.

“ஒரு தெருவுல ஆறு வீடு. பழைய மொழியில முதல் வீட்டுக்கு நம்பர் ஒண்ணு. புது மொழியில முதல் வீட்டுக்கு நம்பர் பூஜ்யம். கடைசி வீடு அஞ்சு. அதனால மனுஷங்க சொல்ற நம்பர்ல இருந்து எல்லா இடத்துலயும் ஒண்ணைக் கழிச்சுட்டுத்தான் உள்ள அனுப்பணும். மென்பொருள் ஒழுங்காக் கழிச்சிருக்கு. ஒரே ஒரு இடத்துல கழிக்கல.”

“எங்க?”

“இயக்குபவர் நம்பரை அடிக்கிற இடத்துல.” கை சற்று நின்றது. “போன வியாழக்கிழமை அதை நான்தான் எழுதினேன்.”

அவள் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அணையில் இப்போது ஓடுவதே அந்தப் புது நிரல்தான். மூன்று என்று அடித்தால் நான்காம் மதகு திறக்கும். நான்கைப் பூட்டு என்றால் ஐந்துக்குப் பூட்டு விழும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். திரையும் அதே தப்பான கணக்கில்தான் எண்ணைத் திருப்பிக் காட்டியது. இதுவரை செய்த சோதனைகளில் ஆறு மதகுகளையும் ஒரே கட்டளையில் தூக்கி இறக்கியிருந்தார்கள். தனியாக ஒன்றை யாரும் தொடவில்லை.

நான்காம் மதகின் கீழே அந்த நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெல்டர் வம்புவாவும் அவன் மைத்துனனும். மதகு மூடியிருந்தது. அதன் மறுபுறம், வறண்ட கான்கிரீட் சரிவில் ஏணி போட்டு, மதகைத் தாங்கும் துருப்பிடித்த இரும்புக் கைகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு என்னிடம் பாதி மண்டாஸியைப் பிடுங்கித் தின்றுவிட்டுத்தான் வம்புவா இறங்கினான். நான்காம் மதகு பூட்டப்பட்டிருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தோம். பக்கத்து மதகு திறக்கும்போது சங்கு ஊதும், பயப்படாதே, நடுவில் சுவர் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தோம்.

பக்கத்து மதகு என்பது மூன்று. ஒன்பதரை மணிக்கு அதைத் திறக்க வேண்டும். மேலே மலையில் இரண்டு நாளாக மழை. ஏரி ஏறிக்கொண்டே வந்தது.

மணி ஒன்பது இருபது.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினோம். அது அணைக்கு மேல்புறக் கரையில், ஒரு மேட்டின் மீது இருந்தது. பெரிய கண்ணாடி ஜன்னல் வழியே ஏரியும், அதற்கு அப்பால் அணையின் முதுகும் தெரியும். இடப்பக்கம் முதல் மதகு, வலக்கோடியில் ஆறாவது. தலைமைப் பொறியாளர் கிடோங்கா ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டு, அமைச்சகத்திலிருந்து வந்த இருவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். இயக்கும் பலகையின் முன் ஜெரோப் உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசாத பெண், பதினொரு வருடமாக இந்த மதகுகளைத் திறந்து மூடுகிறவள்.

கதுங்கே நேராகப் போய் கிடோங்காவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றாள். நான் கிடோங்காவின் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் அவள் கைகள் எனக்கு நேராகத் தெரியும்.

“என்னம்மா, கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தீங்களா?” என்றார் கிடோங்கா. விருந்தாளிகள் சிரித்தார்கள்.

கதுங்கேயின் கைகள் எழுந்தன. நான் பேசத் தொடங்கினேன்.

“மதகைத் திறக்காதீங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

இந்தத் தொழிலில் ‘நான்’ என்றால் அது சைகை செய்பவர். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவள் சொல்கிறாள்’ என்று நடுவில் நுழைக்கக் கூடாது. கிடோங்காவுக்கு இது தெரியும். ஆனாலும் அவர் எப்போதும் என் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார், அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

“என்ன தப்பு?”

கதுங்கே தன் முன்னால் காற்றில் ஆறு மதகுகளை நட்டாள். வரிசையாக, கையின் விளிம்பால் ஒவ்வொன்றாக. சைகை மொழியில் அப்படித்தான். ஒரு முறை இடம் குறித்துவிட்டால் பிறகு பெயரோ எண்ணோ வேண்டாம், அந்த இடத்தைத் தொட்டாலே போதும். அவள் ஓரிடத்தைத் தொட்டாள், ‘கட்டளை’ என்றாள். அதற்கு அடுத்த இடத்தைத் தொட்டாள், ‘திறக்கும்’ என்றாள். எல்லாமே வேகமாக.

அவள் கைகளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், நிஜமான ஆறு மதகுகள் வரிசையாக நின்றன. அவள் விரல் தொட்ட இடம் என் கண்ணில் நான்காவதன் மேல் விழுந்தது. பிறகு மூன்றாவதன் மேல்.

“நாலுன்னு கட்டளை போட்டா மூணு திறக்கும்” என்றேன். “ஒவ்வொரு நம்பரும் ஒண்ணு குறைஞ்சு போகுது.”

கிடோங்கா யோசித்தார். அவர் முட்டாள் அல்ல, முரடரும் அல்ல. அணைக்குக் கீழே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நீர் இன்னும் நாற்பது சென்டிமீட்டர் ஏறினால் வலப்பக்க மண்கரைமேல் வழியும். அந்தக் கவலையில் அவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

“அப்ப மூணுன்னு போட்டா ரெண்டு திறக்கும். அவ்வளவுதானே? ரெண்டுக்குக் கீழ யாராவது இருக்காங்களா ஜெரோப்?”

“இல்ல, இன்ஜினியர்.”

“பின்ன என்ன? தண்ணி எந்த வாசல்ல போனா என்ன, வெளிய போனா சரி. நம்பரை மத்தியானம் திருத்திக்கலாம். போடு.”

ஜெரோப் எண்ணை அடித்தாள். அடுத்த கணம் அணையின் மேலிருந்து சங்கு ஊதத் தொடங்கியது. மதகு அசைவதற்கு முன் ஐந்து நிமிடம் சங்கு ஊதியாக வேண்டும். அது முடிந்ததும் கிடோங்கா தன் சாவியைத் திருகினால் மோட்டார் ஓடும்.

கதுங்கேவுக்குச் சங்கு கேட்காது. ஆனால் பலகையில் மஞ்சள் விளக்கு சுழல்வதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்ன சொன்ன நீ? அவர்கிட்ட என்ன சொன்ன?”

நான் சொன்னதை அப்படியே கையால் செய்தேன். நாலு, மூணு. அவள் கண்கள் விரிந்தன. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என்னைத் தன் பக்கத்தில், தன் தோளோடு தோளாக நிறுத்தினாள். மறுபடி காற்றில் ஆறு மதகுகளை நட்டாள். அவள் இடக்கையிலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று.

எதிரே நிற்கிறவருக்கு இடம் வலமாகும். சைகை செய்பவரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சின்ன வயதிலேயே படிந்துபோன பாடம் அது. அதை மறந்து, பின்னால் தெரிந்த நிஜ மதகுகளோடு அவள் விரலைப் பொருத்திப் பார்த்துவிட்டேன். ஆறு மதகில் ஒரு பக்கமிருந்து மூன்றாவது, மறுபக்கமிருந்து நான்காவது. சரியாக அந்த இடத்தில்தான் சறுக்கியிருந்தேன்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “மூணுன்னு போட்டா நாலு திறக்கும்! வம்புவா நிக்கிற மதகு! நான் தப்பாச் சொல்லிட்டேன்!”

“யார் தப்பு?” என்றார் கிடோங்கா. “தப்பு பண்ணிட்டேன்னு முதல்லயே சொல்லிட்டீங்களே.”

“அது கதுங்கே சொன்னது. அது நிரல்ல இருக்கிற தப்பு. இது நான், நசம்பு பேசறேன். என் தப்பு, நான் மாத்திச் சொன்னது.”

விருந்தாளிகளில் ஒருவர், “எத்தனை நான்?” என்று முணுமுணுத்தார்.

கிடோங்காவின் முகம் இறுகியது. “ஒரு நிமிஷத்துக்கு முன்னால நாலு போட்டா மூணுன்னீங்க. இப்ப மூணு போட்டா நாலுங்கிறீங்க. அடுத்த நிமிஷம் என்ன? அங்க பாருங்க, தண்ணி மட்டம் காட்டுற கோல். நான் இதை நிறுத்தினா மறுபடி தொடங்க அரை மணி ஆகும். இந்தப் புது நிரல் அப்படித்தான் எழுதியிருக்கு, உங்க ஆளுங்க எழுதினது. அரை மணியில கரை வழிஞ்சா யாரைக் கேக்கறது? உங்களையா, அவளையா?”

“ஆளுங்களை மேல ஏறச் சொல்லுங்க முதல்ல!”

“ரேடியோ அங்க எடுக்காது. ஆள் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வரப் பன்னிரண்டு நிமிஷம்.” அவர் நெற்றியைத் துடைத்தார். வாசலில் இருந்த காவலரைப் பார்த்து, “ஓடு, போய்க் கூப்பிடு” என்றார். காவலர் ஓடினார். ஆனால் சாவியை அவர் எடுக்கவில்லை. “சங்கு நிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு ஆதாரம் காட்டுங்க. உங்க வாய் வேண்டாம். கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணு.”

நான் அதைக் கதுங்கேவுக்குச் சொன்னேன். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை, ‘உங்க வாய் வேண்டாம்’ என்பதையும்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “விளக்கு” என்றாள். “ஒவ்வொரு மதகு மேலயும் மோட்டார்ப் பெட்டியில பூட்டு விளக்கு இருக்கு. நாலைப் பூட்டுனு போட்டிருக்காங்க. என் கணக்கு சரின்னா அஞ்சுல எரியும். நீ இங்கயே இரு. என்னைப் பாரு.”

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று விழுந்தது.

ஜெரோப் இழுப்பறையிலிருந்து தொலைநோக்கியை எடுத்து என் கையில் திணித்தாள். தூரத்து நீர்க்கோலைப் படிக்க வைத்திருந்தது அது. அணையின் மேல்பாதையில் கதுங்கே சின்ன உருவமாக ஓடுவது தெரிந்தது. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. பெட்டிகளின் விளக்குகள் எங்கள் பக்கம் பார்த்து இல்லை, பாதையில் நிற்கிறவருக்கு மட்டுமே தெரியும். சங்கு விடாமல் ஊதியது. கீழே வம்புவா அதைக் கேட்டுக்கொண்டு, சொன்னபடி பயப்படாமல் பற்றவைத்துக்கொண்டிருப்பான்.

அவள் நின்று எங்கள் பக்கம் திரும்பினாள். கைகள் அசைந்தன. பின்னால் காலைச் சூரியன். எனக்குத் தெரிந்தது ஒரு கருநிழல் மட்டும், விரல்கள் தெரியவில்லை.

“என்ன சொல்றா?” என்றார் கிடோங்கா.

“தெரியல.”

“தெரியலையா?”

“வெயில்ல கண்ணு கூசுது. ஊகிச்சுச் சொல்ல மாட்டேன்.”

நான் ஜன்னல் மேடைமேல் ஏறி, இரண்டு கைகளையும் அகல விரித்து, ‘தெரியவில்லை, நிழலுக்கு நகரு’ என்றேன். அவள் பார்த்தாள். ஒரு அடி பின்வாங்கி மோட்டார்ப் பெட்டியின் நிழலுக்குள் நுழைந்தாள். விரல்கள் தெளிந்தன.

இம்முறை அவள் காற்றில் இடம் குறிக்கவில்லை. பெட்டியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த எண்ணை உள்ளங்கையால் அறைந்தாள். பிறகு அதே எண்ணை விரலால் காட்டினாள். நான் அதைத் திருப்பிக் காட்டினேன். அவள் தலையசைத்த பிறகே வாய் திறந்தேன்.

“நான் நாலாவது பெட்டிகிட்ட நிக்கறேன். விளக்கு எரியல.”

அவள் ஓடினாள். அடுத்த பெட்டி. அறைந்தாள். ஐந்து. நான் ஐந்து என்று காட்டினேன். தலையசைப்பு.

“அஞ்சாவது பெட்டி. சிவப்பு எரியுது.”

“பழைய நாள் விளக்கு அது, தானா எரியும், தானா அணையும்” என்றார் கிடோங்கா. ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. சாவியின் மேல் கை இருந்தது. “இன்னும் எவ்வளவு?”

“ஒரு நிமிஷம் பத்து செகண்ட்” என்றாள் ஜெரோப். பிறகு யாரும் கேட்காமலே, அவள் முதன்முறையாக நீளமாகப் பேசினாள். “இன்ஜினியர், ஒண்ணு செய்யறேன். இங்க திரையில நாலாம் பூட்டை எடுக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். நசம்பு, நீங்க கையைக் கீழ போடுங்க. அங்க என்ன நடக்குதுன்னு அவளே சொல்லட்டும்.”

நான் மேடையிலிருந்து இறங்கி, பலகைக்குப் பக்கத்தில் நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொலைநோக்கியை ஜெரோப்பே என் கண்ணில் வைத்துப் பிடித்தாள், மறு கையால் பலகையில் எதையோ தட்டினாள்.

கதுங்கே பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்தாள். நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்து ஐந்து விரல். பிறகு விரித்த கையை மூடினாள்.

“அஞ்சுல விளக்கு அணைஞ்சிடுச்சு” என்றேன். “இப்பதான் அணைஞ்சுது. நீங்க ஏதாவது பண்ணீங்களா? ஏன் பண்ணீங்க?”

கடைசி இரண்டு கேள்விகளும் அவளுடையவை. ஜெரோப் மீண்டும் தட்டினாள். கதுங்கேயின் கை மறுபடி விரிந்தது.

“எரியுது.”

கிடோங்கா சாவியை உருவி மேசைமேல் வைத்தார். சங்கு நாற்பது வினாடி கழித்துத் தானாக ஓய்ந்தது.

வம்புவாவும் மைத்துனனும் மேலே ஏறிவரப் பதினான்கு நிமிடம் ஆனது. அதுவரை அறையில் ஒருவரும் உட்காரவில்லை. நீர்க்கோலில் பதினொரு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. கதுங்கே மூச்சு வாங்க, ஒரு காலில் செருப்பில்லாமல் திரும்பி வந்தாள்.

“எதைத் திறக்கணும்னாலும் ஒண்ணு குறைச்சுப் போடலாம்” என்றாள். “ரெண்டுன்னு போட்டா மூணு திறக்கும்.” அதை நான் கிடோங்காவிடம் சொன்னேன்.

“கணக்கெல்லாம் வேண்டாம்” என்றார் கிடோங்கா. “இப்ப எதுக்குக் கீழயும் ஆள் இல்ல. முதல்ல போட்டதையே போடு ஜெரோப். மூணு. நான் பாக்கணும்.”

அந்த அரை மணி கழிந்ததும் மறுபடி ஐந்து நிமிடம் சங்கு ஊதியது. சாவி திரும்பியது. நாங்கள் எல்லோரும் ஜன்னலோடு ஒட்டி நின்றோம். மூன்றாவது மதகு அசையவில்லை. அதற்கு அடுத்தது, நான்காவது, மெல்ல எழுந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கையில் ஏரியின் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது, அவ்வளவுதான். வம்புவா மட்டும் மேல்பாதைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபுறம் குனிந்து பார்த்தான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய ஏணி, கேஸ் உருளை, மதிய உணவுத் தூக்கு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போயிருந்தது. உருளையை மூன்று கிலோமீட்டருக்குக் கீழே கண்டெடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மதியம் கிடோங்கா அறிக்கை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் ‘மொழிபெயர்ப்புப் பிழை’ என்று இரண்டே சொல். கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினார்.

“எந்த மொழிபெயர்ப்பு?” என்று கேட்டேன்.

“ரெண்டுக்கும் பொருந்தும். விடுங்க மேடம், யாரையும் குத்திக் காட்ட வேண்டாம்னுதான்.”

நல்லெண்ணம்தான். கதுங்கே அதை வாசித்துவிட்டு அவருடைய பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த இரண்டு சொல்லை அடித்துவிட்டு எழுதினாள். ‘நிரலில் எண்ணைக் கழிக்காமல் விட்டது கதுங்கே.’ பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் எழுதினேன். ‘எச்சரிக்கையை இடம் வலமாக மாற்றிச் சொன்னது நசம்பு.’ கிடோங்கா வாசித்தார். பிறகு தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். ‘ஆட்கள் கீழே இருக்கையில் நிரலின் பூட்டை மட்டும் நம்பியது நான்.’

இம்முறை அவர் என்னைப் பார்க்கவில்லை. கதுங்கேயின் முகத்தைப் பார்த்து, “நன்றி” என்றார். அதை நான் கையால் சொல்ல வேண்டியிருக்கவில்லை, உதட்டிலேயே படித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் காரை நான் ஓட்டினேன், கதுங்கே பக்கத்தில். பெட்ரோல் போட நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ஒரு நிமிஷம் நான் அங்க நின்னுட்டு இருந்தேன், ஜெரோப் கை போறதைப் பாத்துட்டு. என் வாய் உன்கிட்ட இருந்துச்சு நசம்பு. அது வேற எதையோ சொல்லிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியவே தெரியாது.”

“தெரியும். மன்னிச்சுடு.”

“மன்னிக்கறது இருக்கட்டும். ரெண்டு வாரம் வேற ஆளைக் கேக்கப் போறேன்.”

“கேளு.”

“அழாத. ஓட்டுறது நீதான்.”

வேறு ஆளையே கேட்டாள். நான் அந்த இரண்டு வாரம் ஒரு நீதிமன்றத்தில் நில வழக்கு ஒன்றுக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். சாட்சி சொன்ன பெரியவர் காற்றில் வயலின் நான்கு வரப்புகளை நட்டபோது, நீதிபதியிடம் அனுமதி கேட்டு எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையிலேயே நின்றுகொண்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி நிற்கவிட்டார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. கியாந்துயியில் திருத்திய நிரலை ஒவ்வொரு மதகாகச் சோதிக்கப் போகிறார்கள், மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பும், கதுங்கே உங்களைத்தான் கேட்கிறாள் என்று. ஐந்தரைக்கே போய் நின்றேன்.